புயலில் போன ஆர்டரும் முடங்கிய கணக்கும்: இணையத்தில் தனியாக வேலை செய்பவர்களுக்கு

நான் வியாசர்பாடியில் இருக்கிறேன். இணையத் தளம் ஒன்றின் வழியாக வெளிநாட்டுக் கடைகளுக்குப் பொருட்களின் படங்களைத் திருத்திக் கொடுப்பது என் தொழில். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது ஒரு பெரிய ஆர்டர் ரத்தானது. அதைத் தொடர்ந்து அந்தத் தளத்தில் என் கணக்கும் முடங்கியது. அடுத்த பிப்ரவரி முடியும்வரை ஒரு ரூபாய் வருமானம் இல்லை. அந்த மாதங்களில் நான் தேடித் தேடித் தெரிந்துகொண்டவற்றை யாராவது முன்பே சொல்லியிருந்தால் இழப்பில் பெரும்பகுதி நேர்ந்தே இருக்காது. இன்றும் பெரம்பூர், கொடுங்கையூர், தண்டையார்பேட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் இந்த வேலைக்கு வருகிறார்கள். போட்டோஷாப் கற்றுத்தர எத்தனையோ பேர் இருக்கிறார்கள். தளத்தின் விதிகளையும் வாடிக்கையாளரின் எதிர்பார்ப்பையும் எப்படிக் கையாள்வது என்று சொல்லித்தரத்தான் ஆள் இல்லை. அதனால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பெரம்பூரில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பம் வடிவமைத்துக்கொண்டிருந்தேன். 2020இல் கொரோனா ஊரடங்கில் கல்யாணங்கள் சுருங்கி வேலை போனது. அதன்பிறகுதான் இந்தப் பக்கம் வந்தேன். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் பின்புலத்தை வெட்டி வெள்ளையாக்கும் வேலை என்று தோன்றும். நகைப் படத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். பளபளப்பான வளையல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். படம் எடுத்தவரின் சட்டை நிறம் அதன் வளைவில் தெரியும். கல்லுக்குள் கேமரா லென்ஸ் ஒரு கருப்புப் புள்ளியாக உட்கார்ந்திருக்கும். சட்டையின் நீலத்தை எடுக்க வேண்டும், ஆனால் தங்கத்தின் மினுமினுப்பு போய்விடக் கூடாது. ஜிமிக்கியின் முத்துகளுக்கு இடையே முடியளவு இடைவெளி இருக்கும். ஒவ்வொன்றையும் பென் டூலால், அதாவது போட்டோஷாப்பில் விளிம்பைக் கோடாக வரையும் கருவியால், சுற்றி வர வேண்டும். ஒரு ஜிமிக்கிக்கு அரைமணி நேரம் போய்விடும். மாதம் 30,000 முதல் 35,000 ரூபாய் வரை வந்துகொண்டிருந்தது. என் பக்கத்தில் நல்ல மதிப்பெண்களும் நல்ல கருத்துகளும் இருந்தன.

நவம்பர் நடுவில் ஒரு கனடா வாடிக்கையாளர் 150 நகைப் படங்கள் கொடுத்தார். படத்துக்கு இரண்டரை டாலர், மொத்தம் 375 டாலர். தளம் 20 சதவீதம் எடுத்துக்கொள்ளும். என் கைக்கு 300 டாலர், அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 25,000 ரூபாய். டிசம்பர் 6 கெடு. கிறிஸ்துமஸ் விற்பனைக்கு முன் படங்கள் கடைப் பக்கத்தில் ஏற வேண்டும் என்பது அவருடைய அவசரம். வேலைக் குறிப்பில் அவர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: சுத்தமாக, உயர்தரமாக இருக்க வேண்டும். முதலில் சில படங்களை அனுப்பினேன், அருமை என்றார். அறுபது படங்கள் முடிந்த பிறகு தங்கம் இன்னும் மஞ்சளாகத் தெரியட்டும் என்றார். மாற்றினேன். பிறகு நிழல் வேண்டும் என்றார். அதற்குப் பிறகு இன்னொரு கடையின் படத்தை அனுப்பி இதுபோல வேண்டும் என்றார். அந்தக் கடையின் படம் வேறு வெளிச்சத்தில், வேறு கோணத்தில் எடுக்கப்பட்டது. வெளிச்சம் விழாத இடத்தில் எந்தத் திருத்தமும் வெளிச்சத்தைக் கொண்டுவந்துவிடாது. அதைச் சொன்னால் வேலை தெரியாதவள் என்று நினைத்துவிடுவாரோ என்ற பயத்தில் இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்து இயன்றதைச் செய்தேன்.

அவர் கெட்ட மனிதர் என்று நான் சொல்ல மாட்டேன். தனக்கு என்ன வேண்டும் என்று பார்த்த பிறகுதான் பலருக்குத் தெரிகிறது. ஆகவே அதை முதலிலேயே பார்க்கவைப்பது நம் வேலை. இப்போது நான் எந்த ஆர்டரையும் ஒரே கட்டியாக எடுப்பதில்லை. முதலில் ஐந்து படங்களுக்கு மட்டும் ஒரு சிறிய ஆர்டர். அந்த ஐந்தை அவர் தளத்திலேயே முறையாக ஏற்றுக்கொண்ட பிறகு, மீதி எல்லாம் இந்த ஐந்தின் நிறம், நிழல், வெள்ளையின்படியே இருக்கும் என்று அடுத்த ஆர்டரின் குறிப்பில் எழுதிவிடுகிறேன். எது விலையில் அடங்கும் என்று எழுதுவதைவிட எது அடங்காது என்று எழுதுவது முக்கியம். ‘திருத்தம் இரண்டு முறை, புதிய மாதிரிப் படம் காட்டினால் அது புதிய வேலை, உடைந்த கல்லை வரைந்து நிரப்புவது தனிக் கட்டணம்’ என்று வெளிப்படையாக எழுதுங்கள். எந்தக் கடைத்தளத்துக்கான படம் என்பதையும் கேட்டு எழுதுங்கள். அமேசானில் முதன்மைப் படத்தின் பின்புலம் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிற எண்களும் 255 ஆக உள்ள தூய வெள்ளையாக இருக்க வேண்டும். பொருள் படப்பரப்பில் 85 சதவீதம் நிறைந்திருக்க வேண்டும். இப்படி எண்ணால் சொல்லிவிட்டால் ‘சுத்தமாக’ என்ற சொல்லை வைத்துப் பிறகு வாதாட வேண்டியிருக்காது.

டிசம்பர் 2, சனிக்கிழமை. புயல் எச்சரிக்கை வந்துவிட்டது. எங்கள் பகுதிக்கு மழை என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும். கணேசபுரம் சுரங்கப்பாதை சாதாரண மழைக்கே மூழ்கும். அன்றே வாடிக்கையாளருக்குச் செய்தி அனுப்பினேன்: புயல் வருகிறது, மின்சாரம் போகலாம், இரண்டு மூன்று நாள் தாமதமாகலாம். உடனே பதில் வந்தது: கவலைப்பட வேண்டாம், குடும்பத்தைப் பாருங்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. நூறு படங்கள் முடிந்திருந்தன. அவர் சரிபார்க்கக் கேட்டதால் தொண்ணூறை முழு அளவில் அரட்டைப் பெட்டியிலேயே அனுப்பி வைத்தேன்.

திங்கட்கிழமை, டிசம்பர் 4. விடியும் முன்பே மின்சாரம் நிறுத்தப்பட்டது. காலையில் தெருவில் இடுப்பளவு தண்ணீர். நாங்கள் முதல் மாடி. கீழே வீட்டுக்கார அம்மாவின் வீட்டுக்குள் சாக்கடை கலந்த தண்ணீர் புகுந்து, அவர் குளிர்சாதனப் பெட்டி கவிழ்ந்து மிதந்தது. அவரையும் பேரப்பிள்ளைகளையும் மேலே கூட்டிவந்து எங்கள் அறையிலேயே வைத்துக்கொண்டோம். செல்பேசிக்கு சிக்னலும் இல்லை. மொட்டை மாடியின் ஒரு மூலையில் நின்றால் எப்போதாவது ஒரு கோடு வரும். செவ்வாய்க்கிழமை அப்படி ஒரு கோடு வந்தபோது, பேட்டரி தீரும் நிலையில், கோயம்புத்தூரில் இருக்கும் சித்தி மகனைக் கூப்பிட்டேன். ‘அக்கா, பாஸ்வேர்டைச் சொல்லு, நான் அவருக்கு விவரம் எழுதிவிடுகிறேன்’ என்றான். சொன்னேன். என் கணக்குக்குள் போய், அக்கா வெள்ளத்தில் சிக்கியிருக்கிறாள், மின்சாரம் வந்ததும் முடித்துவிடுவாள் என்று நல்ல ஆங்கிலத்தில் எழுதியும் விட்டான். இடுப்பளவு தண்ணீருக்கு நடுவில் வேறு எந்த வழியும் எனக்கு இருக்கவில்லை. இன்றும் அதைத் தவறு என்று நான் நினைக்கவில்லை.

வியாழக்கிழமை இரவு மின்சாரம் வந்தது. லேப்டாப்பைத் திறந்தால் இரண்டு செய்திகள். ஒன்று, கெடு தாண்டியதால் வாடிக்கையாளர் ஆர்டரை ரத்து செய்துவிட்டார், முழுப் பணமும் அவருக்குத் திரும்பிவிட்டது. இரண்டாவது, என் கணக்கு வேறு ஊரிலிருந்து வேறு கருவியில் திறக்கப்பட்டதால், கணக்கைப் பகிர்ந்துகொண்டதாகச் சந்தேகித்து முடக்கியிருக்கிறார்கள். அடையாளச் சான்று தர வேண்டும். ஏற்கெனவே முடித்த வேலைகளுக்காக அதில் 410 டாலர் இருந்தது, 34,000 ரூபாய்க்கு மேல். அதுவும் நின்றது. அன்றைக்கு எனக்கு அழுகைகூட வரவில்லை. கீழே வீட்டுக்கார அம்மா சேற்றை வாரிக்கொண்டிருந்தார். நானும் இறங்கிப் போய் வாரினேன்.

அரட்டையில் அவர் ‘கவலை வேண்டாம்’ என்றாரே, அது என்னாயிற்று என்று தளத்திடம் கேட்டேன். கெடுவை நீட்டிக்க ஆர்டர் பக்கத்தில் தனிப் பொத்தான் இருக்கிறது. அதை நாம் அழுத்தி, அவர் ஒப்புக்கொண்டால்தான் கெடு நகரும் என்றார்கள். இந்த ஒரு செய்தியைத்தான் நான் கையைப் பிடித்துச் சொல்ல விரும்புகிறேன். வாடிக்கையாளர் எவ்வளவு அன்பாகப் பேசினாலும், ஆர்டர் பக்கத்தில் முறைப்படி பதிவாகாத எதுவும் தளத்தின் கணக்கில் நடக்கவே இல்லை. கூடுதல் படம் வேண்டுமா, கூடுதல் நாள் வேண்டுமா, விலையில் மாற்றமா, எல்லாவற்றையும் அதற்குரிய படிவத்தில் போடுங்கள். அரட்டையில் பேசி முடித்தாலும், பேசியதை மூன்று வரியில் தொகுத்து எழுதி, அவரிடம் ‘சரி’ என்று வாங்கி, பிறகு பொத்தானையும் அழுத்துங்கள். தொலைபேசியில் மட்டும் பேசி முடிக்கும் வாடிக்கையாளரிடமும் இப்படித்தான். சங்கடமாக இருக்கும். இருந்தாலும் செய்யுங்கள்.

சில வாரங்கள் கழித்து அவருடைய கடைப் பக்கத்தைப் பார்த்தேன். நான் ‘சரிபார்க்க’ அனுப்பிய தொண்ணூறு படங்களும் அங்கே இருந்தன. நீல நிறம் நீக்கிய அந்த வளையலும் இருந்தது. படம் அவருடையது, திருத்தம் மட்டும்தான் என்னுடையது, கணக்கும் முடங்கியிருக்கிறது, யாரிடம் போய்க் கேட்பது? முழு அளவுக் கோப்பு, டெலிவரிப் பக்கத்தின் வழியாக மட்டுமே போக வேண்டும். பார்வைக்கு அனுப்புவது சிறிய அளவில், குறுக்கே எழுத்து போட்டதாக இருக்கட்டும். 25 படங்களுக்கு ஒரு தவணை என்று பிரித்திருந்தால், புயலுக்கு முன் முடித்த நூறுக்கும் பணம் தனித்தனியாக வந்து சேர்ந்திருக்கும்.

அடையாளச் சான்று என்றதும் இது இரண்டு நாளில் முடிந்துவிடும் என்று நம்பினேன். எங்கள் ஊர்ப் பெயர் முறை அங்கே வந்து நின்றது. தளத்தில் கணக்கு தொடங்கும்போது முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்கள். இரண்டாவதில் இனிஷியலை மட்டும் போட்டிருந்தேன். ஆதாரில் பெயரும் இனிஷியலும். பான் அட்டையில் இனிஷியல் விரிந்து அப்பாவின் முழுப் பெயர். வங்கிக் கணக்கில் இனிஷியல் முன்னால். நமக்கு எல்லாம் ஒரே ஆள்தான். கணினிக்கு மூன்று ஆட்கள். ஒவ்வொரு முறை சான்று ஏற்றும்போதும் ‘பெயர் பொருந்தவில்லை’ என்ற ஒரே பதில். நோட்டரியிடம் போய் இரண்டு பெயரும் ஒரே நபருடையவை என்று முத்திரைத்தாளில் உறுதிமொழி எழுதி வாங்கினேன். நம் ஊர் அலுவலகங்களில் அது செல்லும். அந்தத் தளம் அதைப் படிக்கவே இல்லை. கடைசியில் பான் அட்டையில் உள்ளதை அடிப்படையாக வைத்து வங்கிக் கிளையில் பெயரைத் திருத்தினேன், பிறகு ஆதாரிலும் விரித்து எழுதச் செய்தேன். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். எழுத்துக்கூட்டலைப் பான் அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். இந்தத் தொழிலுக்கு வரப்போகிறவர்கள் முதல் ஆர்டருக்கு முன்பே பான், ஆதார், வங்கி, தளம் நான்கிலும் பெயரை ஒன்றாக்கிவிடுங்கள். கணக்கு முடங்கிய பிறகு இதைச் செய்வது பெரும் வேதனை.

அந்த மாதங்களில் வீடு எப்படி ஓடியது என்றும் சொல்ல வேண்டும். அரசு கொடுத்த வெள்ள நிவாரணம் 6,000 ரூபாய் ரேஷன் கடையில் வரிசையில் நின்று வாங்கி மளிகைக்குப் போனது. அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. ‘வளையல்தானேம்மா, மீட்டுக்கொள்ளலாம்’ என்று அம்மா சொன்னார். ஊருக்கெல்லாம் வளையல் படத்தை மெருகேற்றிக் கொடுக்கிறவளுக்கு அந்த வார்த்தை எப்படி வலித்திருக்கும் என்று எழுதத் தெரியவில்லை.

இப்படித் தவிக்கும் நேரம் பார்த்துத்தான் மோசடிக்காரர்களும் வருகிறார்கள். டெலிகிராமில் ஒருவர், 8,000 ரூபாய் கொடுத்தால் உள்ளே ஆள் வைத்துக் கணக்கைத் திறந்து தருகிறேன் என்றார். இன்னொருவர் நல்ல மதிப்பெண் உள்ள கணக்கை மாத வாடகைக்குத் தருகிறேன் என்றார். தெரிந்தவர்கள் சிலர் வேறு மின்னஞ்சலில் இன்னொரு கணக்கு தொடங்கச் சொன்னார்கள். மூன்றையும் தொடாதீர்கள். ஒருவருக்கு ஒரு கணக்குதான் என்பது பெரும்பாலான தளங்களின் விதி. இரண்டாவது கணக்கு கண்டுபிடிக்கப்பட்டால் முடக்கம் நிரந்தரத் தடையாகிவிடும். வாடகைக் கணக்கில் நீங்கள் சம்பாதிக்கும் பணம் வேறொருவர் வங்கிக்குப் போகும். பணம் கொடுத்து ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்துச் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கிறது.

தளத்தின் உதவிப் பிரிவுக்கு நான் முதலில் எழுதியவை நீண்ட கடிதங்கள். என் கஷ்டம், அம்மா, வெள்ளம் எல்லாம் இருந்தது. வந்தவை அச்சடித்த பதில்கள். பிறகு முறையை மாற்றினேன். பழைய கோரிக்கையைத் திறந்து வைத்துக்கொண்டே புதிது புதிதாக அனுப்புவதை நிறுத்தினேன்; ஒவ்வொரு புதிய கோரிக்கையும் பழையதன் கதையை அறியாத இன்னொருவர் கைக்குப் போகிறது. ஒரே கோரிக்கையில், தேதிவாரியாக, ஒவ்வொரு வரிக்கும் ஒரு சான்று இணைத்தேன்: வானிலை எச்சரிக்கை, பகுதி வெள்ளத்தில் மூழ்கிய செய்தி, வாடிக்கையாளரின் சனிக்கிழமைப் பதில், கோயம்புத்தூர் உள்நுழைவு ஏன் நடந்தது என்ற ஒரு வரி, புதிய பெயருடன் கூடிய சான்றுகள். இறுதியில் ஒரே கேள்வி: இன்னும் எந்த ஆவணம் குறைகிறது? அதற்குத்தான் முதன்முதலாக ஒரு மனிதர் பதில் எழுதினார். பிப்ரவரி இறுதியில் கணக்கு திறந்தது, 410 டாலரும் வந்தது. ரத்தான ஆர்டர் திரும்பவில்லை. மதிப்பெண் விழுந்துவிட்டதால் பழையபடி ஆர்டர்கள் வரப் பல மாதங்கள் ஆயின. அன்றிலிருந்து தளத்தில் பணத்தைத் தேக்கி வைப்பதில்லை. எடுக்க முடிகிற நாளிலேயே வங்கிக்கு மாற்றிவிடுகிறேன்.

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை சென்னையில் உட்கார்ந்து கெடு கொடுக்கிறவர்கள் நான்கு நாள் வேலைக்கு ஏழு நாள் கேளுங்கள். சிவப்பு எச்சரிக்கை வந்தால் மழைக்கு முன்பே நீட்டிப்புக் கேட்டு, கணக்கை விடுப்பு நிலையில் போட்டுவிடுங்கள். வேறு நிறுவனத்தின் இரண்டாவது சிம், நிரம்பிய பவர் பேங்க், உங்கள் செல்பேசியிலேயே தளத்தின் செயலி, இவை இருந்தால் பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லும் நிலை வராது. நான் பிறகு ஒரு இன்வெர்ட்டரும் வாங்கினேன். அது முடியாதவர்களுக்கு, 2024 நவம்பரில் கொளத்தூரில் திறந்த முதல்வர் படைப்பகம் குறைந்த கட்டணத்தில் உட்கார்ந்து வேலை செய்ய இடம் தருகிறது. வீட்டில் மின்சாரம் இல்லாத நாளில் அங்கே போவது என் வழக்கம்.

தளம் ஒன்றையே நம்பியிருக்கக் கூடாது என்பதால் சௌகார்பேட்டையில் கவரிங் நகை மொத்த வியாபாரிகள் சிலரிடமும் இப்போது வேலை எடுக்கிறேன். தளத்தில் சந்தித்த வாடிக்கையாளரை வெளியே இழுத்துவந்தால் விதிமீறல். இவர்கள் நானே கடை ஏறி இறங்கிப் பிடித்தவர்கள். இங்கே சிக்கல் வேறு, பணம் இழுத்தடிப்பார்கள். அதற்கு உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு, உதவுகிறது. ஆதாரும் பானும் போதும், அரசுத் தளத்தில் இலவசம். கட்டணம் கேட்பவை போலித் தளங்கள். பதிவு பெற்ற குறு, சிறு தொழிலுக்கு ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள் என்று 2006ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. தாமதித்தால் அந்தத் தொகையை, உண்மையில் கொடுத்த ஆண்டில்தான் நம்மிடம் வேலை வாங்கியவர் வரிக்கணக்கில் செலவாகக் காட்ட முடியும். ஆடிட்டர் சொல்லி இதை அறிந்த வியாபாரிகள் பில்லில் உத்யம் எண்ணைப் பார்த்ததும், நிதியாண்டு முடியும் மார்ச் மாதத்துக்கு முன் அவர்களாகவே அழைக்கிறார்கள்.

கணக்கு முடங்கிய நிலையில் இதைப் படிக்கிறவர்கள், உள்ளே பார்க்க மட்டுமாவது அனுமதி இருந்தால், முதலில் எல்லா ஆர்டர் பக்கங்களையும் உரையாடல்களையும் பணம் வந்த விவரங்களையும் இறக்கிச் சேமித்துவிடுங்கள். கணக்கு நிரந்தரமாக மூடப்பட்டால் அவை கிடைக்காமல் போகலாம். மேல்முறையீட்டுக்கு அவை வேண்டும், வருமான வரிக் கணக்குக்கு வேண்டும், அடுத்த வாடிக்கையாளரிடம் காட்டுவதற்கும் வேண்டும். அதற்குப் பிறகு பான் அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்து, பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.